வெள்ளிக்கிழமைக்கு லீவு போடுங்கள்

மன்ஹாட்டன் பீச் ஓப்பனுக்கு முதல் தடவை போன வருஷம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனேன். இறுதிப்போட்டி அன்றைக்குத்தானே, அதைப் பார்த்தால் எல்லாம் பார்த்த மாதிரி என்று எண்ணம். எந்த ஜோடியைப் பார்க்க ஆசைப்பட்டுப் போனேனோ, அவர்கள் முந்தின நாள் மாலையே வெளியேறிவிட்டார்கள். மைய அரங்கில் உட்கார இடமில்லை. கடைசி வரிசைக்கும் பின்னால் நின்றுகொண்டு, பந்து வலைக்கு மேலே எழும்போது மட்டும் பார்த்துவிட்டு வீடு திரும்பினேன்.

லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்துக்குச் சற்றுத் தெற்கே, கடலுக்குள் நீளும் பாலத்தை ஒட்டிய மணலில் 1960 முதல் நடக்கும் போட்டி அது. பீச் வாலிபாலின் விம்பிள்டன் என்று அங்கே சொல்வார்கள். ஜெயித்தவர்களின் பெயரை வெண்கலத்தில் வார்த்து அந்தப் பாலத்திலேயே பதிக்கிறார்கள். முதல் ஐந்து வருஷமும் மைக் ஓ'ஹாரா, மைக் பிரைட் என்ற ஒரே ஜோடிதான். இப்படிப்பட்ட இடத்துக்குப் போய் ஒன்றும் பார்க்காமல் வந்தது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த வருஷத்திலிருந்து லீவுக்கு எழுதிக் கொடுக்கும்போது ஞாயிறை மறந்துவிட்டு வெள்ளியைக் கேட்டேன்.

நான் போன வருஷங்களில் தகுதிச்சுற்று முதலிலேயே முடிந்து, பிரதான சுற்று வெள்ளிக்கிழமை காலை தொடங்கும். அன்று ஒரே நேரத்தில் பல கோர்ட்டுகளில் ஆட்டம் நடக்கும். மைய அரங்கை விட்டு விலகி, வெளிக் கோர்ட்டுகளுக்குப் போங்கள். கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே தாழ்வான நாற்காலி போட்டு உட்கார்ந்தால் ஒலிம்பிக்கில் ஆடியவர் கைக்கெட்டும் தூரத்தில் பந்தைத் தூக்க மணலில் விழுவார். பக்கவாட்டில் உட்காராமல் எண்ட் லைனுக்குப் பின்னால் உட்காருங்கள். சர்வீஸுக்கு முன்னால் வலையருகே நிற்பவர் முதுகுக்குப் பின்னால் விரல் காட்டுவார்: ஒரு விரல் என்றால் நேர் கோட்டை மறிக்கப்போகிறேன், இரண்டு என்றால் குறுக்கே வரும் அடியை மறிக்கப்போகிறேன். பின்னால் நிற்பவர் எதை எடுக்க ஓடவேண்டும் என்பது அந்த விரல்களிலேயே முடிவாகிவிடும். இதைப் படிக்கத் தெரிந்த பிறகு எனக்கு இந்த ஆட்டமே வேறு ஆட்டமாகிவிட்டது.

நேர அட்டவணையை நம்பி ஏமாந்த கதையும் உண்டு. நாலாம் கோர்ட்டில் பதினொரு மணி ஆட்டம் என்று போட்டிருந்தது. சாப்பாடு வாங்கிக்கொண்டு பத்தே முக்காலுக்குப் போனால் முதல் செட் பாதி முடிந்திருந்தது. முந்தின ஆட்டம் இரண்டே செட்டில் முடிந்ததால் அடுத்ததைத் தொடங்கிவிட்டார்கள். 21, 21, தேவைப்பட்டால் 15 என்று மூன்று செட் ஆட்டம் இது; நாற்பது நிமிஷத்திலும் முடியும், ஒன்றேகால் மணி நேரமும் இழுக்கும். போதாக்குறைக்கு, இதையும் நடத்தும் அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றான ஏவிபியின் போட்டிகளில் 'ஃப்ரீஸ்' என்று ஒரு விதி. ஆட்டம் முடிய ஒரு புள்ளி இருக்கும்போது, அதற்குமேல் சர்வீஸ் போட்ட அணி மட்டுமே புள்ளி எடுக்க முடியும். நம் ஊரில் முன்பு ஆடிய பழைய கணக்குதான். 20-16 என்று முடிந்துபோனதாக நினைத்த செட் அரை மணி நேரம் உயிரோடு இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே எழுதியிருக்கும் மணிக்கு முக்கால் மணி நேரம் முன்பே அந்தக் கோர்ட்டில் இருங்கள்.

மணியைவிட முக்கியம் டிரா அட்டவணை. இரண்டு முறை தோற்றால்தான் வெளியே என்பது இங்கே முறை. ஒரு தோல்வி கண்டவர்கள் கீழ் அடைப்புக்கு இறங்கி, அங்கிருந்து ஜெயித்து ஜெயித்து அரையிறுதி வரை ஏறி வரலாம். அரையிறுதியிலிருந்து ஒரே தோல்விதான். இதில் ரசிகனுக்கு ஒரு லாபம் இருக்கிறது: தோற்று இறங்கியவர்களுக்குத்தான் ஆட்டங்கள் அதிகம். வெள்ளிக்கிழமை உங்களுக்குப் பிடித்த ஜோடி தோற்றால் மனம் ஒடிய வேண்டாம். சனிக்கிழமை வெயிலில் அவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆடியே ஆகவேண்டும். களைத்த கால்களோடு அவர்கள் ஆடும் ஆட்டத்தில் தெரியும் துணிச்சல் மற்ற ஆட்டங்களில் தெரியாது. வியாழன் இரவே டிராவை அச்சிட்டு, என் ஜோடி ஜெயித்தால் எந்தக் கோர்ட், தோற்றால் எந்தக் கோர்ட் என்று இரண்டு நிறத்தில் கோடு போட்டுவைப்பேன்.

வருஷம் முழுமைக்கும் திட்டம் போடுகிறவர்கள் ஹண்டிங்டன் பீச், மன்ஹாட்டன் பீச், சிகாகோ மூன்றையும் முதலில் நாட்காட்டியில் குறிக்கலாம். 2024-இல் ஏவிபி எட்டு அணிகளோடு லீக் ஒன்றைத் தொடங்கியது. அதில் யார் யாரோடு, எப்போது என்பது முன்பே தெரிந்துவிடும். ஒரு மாலை மட்டுமே கிடைக்கும் குடும்பக்காரர்களுக்கு அதுதான் சரி. தூரத்திலிருந்து விமானம் ஏறி வருகிறவர்களுக்கு ஒன்று: டிக்கெட் போடும் முன் உலகச் சுற்றின் நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2022-இல் தொடங்கிய பீச் புரோ டூரில் எலைட் 16, சேலஞ்ச், ஃப்யூச்சர்ஸ் என்று மூன்று தரம். அதே வாரத்தில் வேறு கண்டத்தில் எலைட் 16 இருந்தால், ஒலிம்பிக் தகுதிப் புள்ளி தேடும் ஜோடிகள் அங்கேதான் இருப்பார்கள்.

மற்றபடி, மணலுக்குக் கெட்டியான சாக்ஸ் கொண்டுபோங்கள். மதியத்துக்குமேல் வெறுங்காலை வைக்க முடியாது. காலையில் கடல்மூட்டம் கவிந்திருக்கும், ஸ்வெட்டர் வேண்டும். காரை ஊருக்குள்ளேயே தள்ளி நிறுத்திவிட்டு நடப்பது மேல்.

அப்பா ஊரிலிருந்து வந்திருந்த வருஷம் அவரையும் வெள்ளிக்கிழமையே கூட்டிப்போனேன். கோயில் திருவிழா டோர்னமெண்டுகளில் இருபது வருஷம் ஆடியவர். புளிசாதத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண்கள் ஆட்டத்தை வாய் பேசாமல் பார்த்தார். இரண்டாம் செட்டில்தான் கேட்டார்.

"ஏண்டா, அந்தப் பொண்ணுக்குக் காலு பிடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கே. ஆளை மாத்த மாட்டாங்களா?"

"மாத்த முடியாதுப்பா. ரெண்டே பேர்தான். முடியலைன்னா ஆட்டத்தை விட்டுக் கொடுக்கணும்."

"விரலால தட்டிப் போடவும் மாட்டேங்குறாங்க?"

"இதுல டிப் கிடையாதுப்பா. விரலை மடக்கி, முட்டியாலதான் தட்டணும்."

எட்டு மீட்டர் அகலம், எட்டு மீட்டர் நீளம், இரண்டு பேர். அந்தப் பெண் மூன்றாம் செட் வரை இழுத்துத் தோற்றார். அப்பா எழுந்து நின்று கை தட்டினார். பிறகு என் கையிலிருந்த டிரா தாளை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்த ஜோடியின் பெயரைத் தேடினார். விரல் கீழ் அடைப்பில் போய் நின்றது.

மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்குச் சமையலறையில் விளக்கு எரிந்தது. தொப்பி போட்டு, சாக்ஸ் மாட்டி, தண்ணீர் பாட்டில்களை நிரப்பிக்கொண்டிருந்தார். "அந்தப் புள்ளைங்களுக்கு இன்னிக்கு எட்டு மணிக்கு ஆட்டம்னு போட்டிருக்கு. நீதானே சொன்னே, முன்னாடியே போயிடணும்னு. கிளம்புடா."