இருப்பு ஏன் குறைந்தது?

வங்கியில் நாம் பணம் போடுகிறோம். பணம் எடுக்கிறோம். இரண்டையும் வங்கி எழுதி வைக்கிறது. அந்தக் கணக்கை நமக்குக் காட்டும் புத்தகம்தான் பாஸ்புக்.

பலர் பாஸ்புக்கைப் பெட்டியில் பத்திரமாக வைத்துவிடுகிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறைகூட அதில் பதிவு போடுவதில்லை. அவசரத்துக்குப் பணம் எடுக்கப் போகும்போது இருப்பு குறைவாக இருக்கிறது. "போட்ட பணம் எங்கே போயிற்று?" என்று பதறுகிறார்கள். சிலர் வங்கி ஏமாற்றிவிட்டது என்று நினைக்கிறார்கள். சிலர் தங்கள் நினைவுதான் தவறு என்று பேசாமல் திரும்பிவிடுகிறார்கள்.

இரண்டும் வேண்டாம். பணம் எங்கே போனது என்று பாஸ்புக்கே சொல்லும். அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் உண்டு. சில பிடித்தங்கள் நமக்குப் பாதுகாப்பு. சில, நம் பழக்கத்தால் வரும் செலவு. சில, நமக்குத் திரும்பி வர வேண்டிய பணம். சில, திருட்டு. எது எந்த வகை என்று வாசித்துப் பார்த்தால்தான் தெரியும்.

பாஸ்புக்கை வாசிப்பது எப்படி?

பாஸ்புக்கில் முக்கியமாக ஐந்து கட்டங்கள் இருக்கும்.

தேதி – என்றைக்கு நடந்தது?
விவரம் – எதற்காக நடந்தது?
பற்று – கணக்கிலிருந்து போன பணம்.
வரவு – கணக்குக்கு வந்த பணம்.
இருப்பு – மீதி உள்ள பணம்.

சில பாஸ்புக்குகளில் பற்று என்பதை 'டி.ஆர்.' என்றும், வரவு என்பதை 'சி.ஆர்.' என்றும் ஆங்கில எழுத்தில் அச்சிடுவார்கள். விவரம் என்ற கட்டத்தில் சுருக்க எழுத்துகள் இருக்கும். புரியாவிட்டால் வங்கி ஊழியரிடம் கேட்கலாம். கேட்பது நம் உரிமை.

ஒரு கணக்கைப் பார்ப்போம்

லட்சுமி என்று ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவருக்கு வயது 38. பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். மகளின் கல்லூரிக் கட்டணம் 2,500 ரூபாய் கட்ட வேண்டும். தான் எடுத்த பணம் போக 3,000 ரூபாய் மீதி இருக்கும் என்று கணக்கு வைத்திருந்தார். வங்கிக்குப் போனார். இருப்பு 1,824 ரூபாய் 52 காசு என்றார்கள்.

லட்சுமி பாஸ்புக்கில் பதிவு போடச் சொன்னார். ஓரமாக உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். தான் எடுத்த பணத்தை விட்டுவிட்டு, தனக்குத் தெரியாத வரிகளை மட்டும் தாளில் எழுதினார்.

மே 26 – விபத்துக் காப்பீடு – ரூ. 20.00
மே 26 – ஆயுள் காப்பீடு – ரூ. 436.00
ஜூன் 17 – ஏ.டி.எம். – ரூ. 500.00
ஜூன் 24 – ஏ.டி.எம். கட்டணம் – ரூ. 27.14
ஜூன் 28 – ஏ.டி.எம். கட்டணம் – ரூ. 27.14
ஜூன் 30 – குறுஞ்செய்திக் கட்டணம் – ரூ. 17.70
ஜூலை 2 – அட்டையின் ஆண்டுக் கட்டணம் – ரூ. 147.50
மொத்தம் – ரூ. 1,175.48

3,000 ரூபாயில் 1,175.48 போனால் 1,824.52. கணக்கு சரியாக இருக்கிறது. ஆனால், இந்தப் பிடித்தங்கள் எல்லாம் சரிதானா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. காப்பீட்டுப் பணம்

லட்சுமி ஊழியரிடம் கேட்டார்:

"சார், இந்த 20 ரூபாயும் 436 ரூபாயும் யாருக்குப் போயிற்று?"

"உங்கள் பெயரில் இரண்டு காப்பீடு இருக்கிறது அம்மா. கணக்குத் தொடங்கியபோது படிவத்தில் கைநாட்டு வைத்திருக்கிறீர்கள்."

"அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது சார். யாரும் சொல்லவும் இல்லை."

இவை மத்திய அரசு 2015-ஆம் ஆண்டு தொடங்கிய திட்டங்கள். ஒன்று, பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டம். இது விபத்துக் காப்பீடு. 18 முதல் 70 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். ஆண்டுக்கு 20 ரூபாய். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். ஒரு கையோ, ஒரு காலோ, ஒரு கண்ணோ முழுதும் போய்விட்டால் 1 லட்சம் கிடைக்கும்.

மற்றொன்று, பிரதம மந்திரி ஜீவன் ஜோதி பீமா திட்டம். இது ஆயுள் காப்பீடு. 18 முதல் 50 வயதுக்குள் சேர வேண்டும். ஆண்டுக்கு 436 ரூபாய். நோயால் இறந்தாலும் 2 லட்சம் ரூபாய் கிடைக்கும்.

இரண்டுக்கும் ஜூன் 1 முதல் மே 31 வரை ஓர் ஆண்டு. எனவே, மே மாதக் கடைசியில் வங்கி தானாகவே பணத்தைப் பிடிக்கும். அப்போது கணக்கில் பணம் இல்லாவிட்டால் காப்பீடு நின்றுவிடும்.

இது கட்டாயம் அல்ல. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் நிறுத்திவிடலாம். ஆனால், அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம். சாரத்தில் ஏறி வேலை செய்பவருக்கு 20 ரூபாய்க் காப்பீடு பெரிய துணை. அதைவிட முக்கியம், காப்பீடு இருப்பதை வீட்டில் சொல்லி வைப்பது. வீட்டுக்குத் தெரியாவிட்டால் யார் போய்க் கேட்பார்கள்? வர வேண்டிய 2 லட்சம் வராமலே போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. ஒருவர் ஒரு வங்கிக் கணக்கு மூலம் மட்டுமே ஒரு திட்டத்தில் சேரலாம். இரண்டு வங்கிகளில் கணக்கு இருந்து, இரண்டிலும் பணம் பிடித்தால் இரண்டு மடங்கு கிடைக்காது. ஒன்றை நிறுத்திவிட வேண்டும்.

2. ஏ.டி.எம். கட்டணம்

லட்சுமி ஜூன் மாதத்தில் வேறு வங்கிகளின் ஏ.டி.எம்.களில் ஐந்து முறை பணம் எடுத்தார். பெங்களூரு பெருநகரம். பெருநகரங்களில் வேறு வங்கி ஏ.டி.எம்.மை மாதத்துக்கு 3 முறை கட்டணம் இல்லாமல் பயன்படுத்தலாம். மற்ற ஊர்களில் 5 முறை. நம் கணக்கு உள்ள வங்கியின் ஏ.டி.எம். என்றால் எல்லா ஊர்களிலும் 5 முறை.

அதற்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் கட்டணம் உண்டு. 2025 மே 1 முதல் இது அதிகபட்சம் 23 ரூபாய். அதன்மேல் வரி 4 ரூபாய் 14 காசு. ஆகமொத்தம் 27.14. லட்சுமிக்கு இரண்டு முறை இந்தக் கட்டணம் விழுந்தது.

பணம் எடுக்காமல் இருப்பை மட்டும் பார்த்தாலும் அது ஒரு முறையாகக் கணக்காகும். நூறு நூறாகப் பல முறை எடுப்பதைவிட, தேவையைக் கணக்கிட்டு ஒரே முறையில் எடுப்பது நல்லது.

3. மற்ற கட்டணங்கள்

கைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பச் சில வங்கிகள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கட்டணம் பிடிக்கின்றன. ஏ.டி.எம். அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. தொகை வங்கிக்கு வங்கி மாறும்.

சில வங்கிகளில் குறைந்தபட்ச இருப்பு இல்லாவிட்டாலும் கட்டணம் உண்டு. ஸ்டேட் வங்கி 2020-லும், கனரா வங்கி 2025-லும் சேமிப்புக் கணக்குகளில் இந்தக் கட்டணத்தை நீக்கிவிட்டன. கட்டணம் பிடிக்கும் வங்கிகள் முதலில் நமக்குத் தெரிவிக்க வேண்டும். இருப்பைச் சரிசெய்யக் குறைந்தது ஒரு மாதம் தர வேண்டும்.

கடன் தவணை நாளில் கணக்கில் பணம் இல்லாவிட்டாலும் வங்கி தனிக் கட்டணம் போடும். தவணைத் தேதியை நாள்காட்டியில் குறித்து வைப்பது நல்லது.

இவற்றைக் குறைக்க ஒரு வழி உண்டு. அதுதான் அடிப்படைச் சேமிப்புக் கணக்கு. ஜன்தன் கணக்கும் இந்த வகைதான். இதில் குறைந்தபட்ச இருப்பு தேவை இல்லை. ஏ.டி.எம். அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் இல்லை. மாதத்துக்குக் குறைந்தது 4 முறை இலவசமாகப் பணம் எடுக்கலாம். நம் சாதாரணக் கணக்கை இப்படி மாற்றித் தரும்படி எழுதிக் கேட்கலாம்.

4. வராத பணம்

ஜூன் 17-ஆம் தேதி லட்சுமி ஏ.டி.எம்.மில் 500 ரூபாய் கேட்டார். பணம் வரவில்லை. இயந்திரம் கெட்டுவிட்டது என்று திரும்பிவிட்டார். ஆனால், கணக்கில் 500 ரூபாய் குறைந்துவிட்டது.

இது அவருக்குத் திரும்பி வர வேண்டிய பணம். ரிசர்வ் வங்கி 2019-ஆம் ஆண்டு ஒரு விதி செய்தது. ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் குறைந்தால், அந்த நாளுக்குப் பிறகு 5 நாட்களுக்குள் வங்கி பணத்தைத் திருப்பிப் போட வேண்டும். தாமதமானால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும். இயந்திரக் கோளாறால் பணம் வராத முறையை, இலவச முறைகளில் ஒன்றாகக் கணக்கிடவும் கூடாது.

லட்சுமிக்கு ஜூன் 22-க்குள் பணம் வந்திருக்க வேண்டும். ஜூலை 10-ஆம் தேதி வந்தால் 18 நாள் தாமதம். 18 நாளுக்கு 1,800 ரூபாய் ஈடு. அத்துடன் அவருடைய 500 ரூபாய். ஆக 2,300 ரூபாய் அவருக்குச் சேர வேண்டும். பேசாமல் திரும்பியிருந்தால் இது அவருக்குத் தெரியாமலே போயிருக்கும்.

வேறு வங்கியின் ஏ.டி.எம். ஆனாலும், நமக்கு அட்டை தந்த வங்கியிடம்தான் முறையிட வேண்டும்.

லட்சுமி இப்படி எழுதிக் கொடுத்தார்:

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் 17 அன்று மாலை 6 மணிக்கு ஏ.டி.எம்.மில் 500 ரூபாய் எடுக்க முயன்றேன். பணம் வரவில்லை. ஆனால், என் கணக்கில் 500 ரூபாய் பற்று வைக்கப்பட்டுள்ளது. அந்தப் பணத்தையும், தாமதமான நாட்களுக்கு நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் ஈட்டையும் என் கணக்கில் வரவு வைக்க வேண்டுகிறேன். பாஸ்புக் நகல் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
லட்சுமி

கடிதத்தில் கணக்கு எண்ணும் தேதியும் எழுத வேண்டும். நகல் ஒன்றில் வங்கி முத்திரையும் கையொப்பமும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

5. திருட்டு

லட்சுமியின் கணக்கில் திருட்டு நடக்கவில்லை. ஆனால், பலருக்கு நடக்கிறது. "வங்கியிலிருந்து பேசுகிறோம். உங்கள் அட்டை முடங்கப் போகிறது. கைபேசிக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள்" என்பார்கள். சொன்ன மறுகணம் பணம் போய்விடும். எந்த வங்கியும் ரகசிய எண்ணைக் கேட்காது. அட்டையின் பின் எண்ணையும், கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையும் யாருக்கும் சொல்லக் கூடாது.

நாம் செய்யாத பற்று ஒன்றைப் பார்த்தால் உடனே வங்கிக்குச் சொல்லி அட்டையை நிறுத்த வேண்டும். 1930 என்ற எண்ணுக்கும் போன் செய்ய வேண்டும். இது இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவு நல்லது. நாம் தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்புக்கு வங்கிதான் பொறுப்பு.

வங்கி கேட்காவிட்டால்?

எழுதிக் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லையா? பதில் சரியாக இல்லையா? ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணம் இல்லை. வக்கீல் தேவை இல்லை. விவரம் அறிய 14448 என்ற எண்ணில் பேசலாம். கடிதம் எழுதுவோர், ரிசர்வ் வங்கி, 4-ஆவது மாடி, பிரிவு 17, சண்டிகர் – 160017 என்ற முகவரிக்கு அனுப்பலாம்.

நினைவில் கொள்வோம்

மாதம் ஒரு முறை பாஸ்புக்கில் பதிவு போட வேண்டும்.
ஒவ்வொரு வரியையும் வாசிக்க வேண்டும்.
புரியாத வரியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.
வாசிக்காமல் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது.
காப்பீடு இருப்பதை வீட்டில் சொல்ல வேண்டும்.
ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது.

பயிற்சி

1. பற்று என்றால் என்ன? வரவு என்றால் என்ன?
2. ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் காப்பீடு எது? அதனால் என்ன பயன்?
3. ஒருவருக்கு ஆகஸ்ட் 3 அன்று ஏ.டி.எம்.மில் பணம் வரவில்லை. கணக்கில் மட்டும் குறைந்தது. வங்கி ஆகஸ்ட் 15 அன்று பணத்தைத் திருப்பிப் போட்டது. எத்தனை நாள் தாமதம்? ஈடு எவ்வளவு?
4. உங்கள் பாஸ்புக்கை எடுத்து வாருங்கள். கடந்த மூன்று மாதத்தில் நீங்கள் எடுக்காமல் போன பணத்தைத் தனியாக எழுதிக் கூட்டிப் பாருங்கள். ஒவ்வொரு வரியும் எந்த வகை என்று குழுவில் பேசுங்கள்.