கூடிப் பேசிய ஏழு பெண்கள்

சோறும் ரொட்டியும் செரித்ததும் சர்க்கரையாகவே இரத்தத்தில் சேர்கின்றன. அவற்றைக் குறைக்கும்படி மருத்துவர் சொன்னால் நம் தாய்மார் தலையசைத்து வருவர். முதல் வாரம் நன்றாகவே நடக்கும். பிறகு?

நியூயார்க் நகர இல்லத்தரசி ஜீன் நைடெச் அம்மையாரும் இங்கேதான் இடறினார். 1961-இல் அவர் எடை 214 பவுண்டு. ஏறத்தாழ 97 கிலோ. நகரச் சுகாதாரத் துறையின் மருத்துவ நிலையம் இனிப்பை அறவே விலக்கி, ரொட்டியை அளந்து, மீன் மிகுந்த உணவுத் திட்டம் தந்தது. அவரோ அழுக்குத் துணிக் கூடைக்குள் சாக்லெட் பிஸ்கட்டை ஒளித்து வைத்துத் தின்றார்! அதை அங்கே சொல்ல வெட்கம். ஆகவே ஆறு தோழியரை வீட்டுக்கு அழைத்து அவர்களிடம் சொன்னார். அவர்களும் தத்தம் ஒளிவிடங்களைச் சொன்னார்கள். வாரந்தோறும் கூடினர்; இரண்டு மாதத்தில் 40 பேராயினர். 1962-இல் அவர் எடை 142 பவுண்டு. மறு ஆண்டு அக்கூட்டமே ‘வெயிட் வாட்சர்ஸ்’ நிறுவனமாயிற்று. உணவுத் திட்டம் என்னவோ பழையதுதான்.

நம் தெருவிலும் நான்கு தாய்மார் மாலையில் கூடி, “நேற்று எத்தனை இட்லி?” என்று ஒருவரையொருவர் கேட்கலாமே! வளரும் மாணவியருக்கு இக்குறைப்பு ஏற்றதன்று. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் முதலில் மருத்துவரைக் கேட்கவேண்டும். மருந்தை மாற்றாமல் சோற்றை மட்டும் குறைத்தால் இரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடக்கூடும்.