மீன் குளம் பச்சையாயிடுச்சா? தண்ணீரைக் கொட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்!

வீட்டுத் தோட்டத்தில் சின்னதாக ஒரு சிமென்ட் குளம். அதில் நாலு கோய் மீன், பத்துப் பதினைந்து கப்பி, ஓரமாக ஓர் அல்லிச் செடி. முதல் மாதம் அடியில் கிடக்கும் கூழாங்கல்கூடத் தெளிவாகத் தெரியும். சித்திரை வெயில் ஏற ஏறத் தண்ணீர் பச்சையாகிவிடும். மீன் இருக்கா இல்லையான்னே தெரியாது. உடனே பெரும்பாலானோர் செய்வது என்ன? மொத்தத் தண்ணீரையும் இறைத்துக் கொட்டிவிட்டு, சுவரைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்புவதுதான். சில நாள் பளிச்சென்று இருக்கும். பிறகு மறுபடியும் அதே பச்சை. இடையில் இரண்டு மீன் செத்தும் போயிருக்கும்.

ஏன் இப்படி நடக்குது, மீனுக்கு ஆபத்தில்லாமல் எப்படிச் சரிசெய்வதுன்னு இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

பச்சை என்பது அழுக்கு அல்ல

தண்ணீரைப் பச்சையாக்குவது கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. அது ஒரு பயிர் மாதிரி. வெயிலும் உரமும் கிடைத்தால் வளரும். கட்லா, ரோகு வளர்க்கும் பண்ணைக்குட்டையில் சாணம் கரைத்து விட்டு, தண்ணீரை வேண்டுமென்றே பச்சையாக்குவார்கள். நம் தோட்டத்துக் குளத்திலும் அதேதான் நடக்குது. நமக்குத் தெரியாமலே நாம் உரம் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அந்த உரம் எங்கிருந்து வருது?

- மீன் தின்னாமல் விட்ட தீவனம், பொரி, பிஸ்கட், சோறு
- மீன் கழிவு (சின்னக் குளத்தில் நிறைய மீன் இருந்தால் இதுவே அதிகம்)
- உதிர்ந்து அடியில் அழுகும் வேப்பிலை, முருங்கை இலை
- பக்கத்துச் செடித் தொட்டியிலிருந்து மழையில் வழிந்து வரும் சாண எரு, யூரியா

இவற்றைக் குறைக்காமல் தண்ணீரை மட்டும் மாற்றினால், பாசி திரும்ப வரத்தான் செய்யும்.

உங்கள் குளத்தில் இருப்பது எந்தப் பாசி?

1. பச்சைத் தண்ணீர்: ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு பாருங்கள். தண்ணீரே பச்சையாக இருந்தால் அது மிதக்கும் நுண்பாசி. இளம்பச்சையாக இருந்தால் கவலை வேண்டாம், அது மீனுக்குக் கெடுதல் செய்யாது.
2. நூல் பாசி: தண்ணீர் தெளிவாக இருக்கும், ஆனால் சுவரிலும் கல்லிலும் தலைமுடி போலத் தொங்கும். ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி எடுத்துவிடலாம்.
3. ஆடை படியும் பாசி: பெயின்ட் ஊற்றியது போல மேலே நீலப்பச்சையாகப் படிந்து நாற்றம் அடிக்கும். இது நஞ்சாகவும் மாறக்கூடும். குழந்தைகளையும் வளர்ப்பு நாயையும் அந்தத் தண்ணீர்ப் பக்கம் விடாதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு மேலாடையை வழித்து எடுங்கள்.

விடியற்காலையில்தான் ஆபத்து

பகலில் பாசி ஆக்சிஜன் விடும். இரவில் அதுவும் மீனைப் போலவே ஆக்சிஜனை இழுக்கும். அதனால் பச்சை அடர்த்தியான குளத்தில் விடியற்காலை 4 முதல் 6 மணிக்குள் ஆக்சிஜன் மிகவும் குறைந்துவிடும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அது தீவனம் கேட்பதல்ல, மூச்சுத் திணறல்.

உங்கள் போனில் 5 மணிக்கு அலாரம் வைத்து, இரண்டு நாள் மட்டும் எழுந்து போய்ப் பாருங்கள். மீன் மேலே தவித்துக்கொண்டிருந்தால் உடனே:

- பம்ப், ஏர் மோட்டார் இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் குளத்துத் தண்ணீரையே வாளியில் மொண்டு, உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றுங்கள்.
- அன்று முழுக்கத் தீவனம் போடாதீர்கள்.
- கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள்.

இதையெல்லாம் செய்யாதீங்க

*பிளீச்சிங் பவுடர், மயில்துத்தம் போடுவது:* பிளீச்சிங் பவுடரில் உள்ள குளோரின் மீனின் செவுளை அரித்துவிடும். மயில்துத்தமும் மீனுக்கு நஞ்சு. அதோடு, பாசி முழுவதும் ஒரே நாளில் செத்து அழுகும்போது இருக்கிற ஆக்சிஜனும் தீர்ந்துபோகும்.

*படிகாரம், தேத்தாங்கொட்டை:* மழைத்தண்ணீரில் வரும் மண் கலங்கலைத் தெளிய வைக்க நம் வீடுகளில் இவற்றைப் பயன்படுத்துவதுண்டு. இங்கே இருப்பது மண் அல்ல, உயிருள்ள பாசி. படிந்தாலும் காரணம் போகாததால் மறுபடி வளரும். படிகாரம் கூடிப்போனால் தண்ணீரின் அமிலத்தன்மை ஏறி மீன் துவண்டுவிடும்.

*குழாய்த் தண்ணீரை நேராக விடுவது:* குடிநீரில் நமக்காகக் கலக்கும் குளோரின் மீனுக்கு ஆகாது. வாய் அகன்ற தொட்டியில் பிடித்து, வலை போட்டு மூடி, 24 மணி நேரம் வைத்திருந்து பிறகு ஊற்றுங்கள்.

*பாசி தின்னும்னு ‘டேங்க் கிளீனர்’ மீன் விடுவது:* தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் சுவரில் ஒட்டிய பாசியைத்தான் சுரண்டும். தண்ணீரில் மிதக்கும் பச்சையை ஒன்றும் செய்யாது. அதன் கழிவால் குளத்தில் உரம்தான் கூடும்.

நான்கு வாரத் திட்டம்

முதலில் உங்கள் குளம் எத்தனை லிட்டர் என்று கணக்குப் போடுங்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, வரும் விடையை 28.3 ஆல் பெருக்குங்கள். 6 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி ஆழம் என்றால் 48 கன அடி. ஏறக்குறைய 1,360 லிட்டர்.

முதல் வாரம் – உரத்தை நிறுத்துங்க. ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டும், இரண்டு மூன்று நிமிடத்தில் மீன் தின்று தீர்க்கிற அளவே தீவனம். பொரி, சோறு வேண்டாம். அடியில் கிடக்கும் சகதியையும் இலையையும் குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள். செடித் தொட்டித் தண்ணீர் உள்ளே வழியாதபடி கரையை நாலு அங்குலம் உயர்த்துங்கள்.

இரண்டாம் வாரம் – வெயிலைக் குறைங்க. குளத்தின் மேற்பரப்பில் பாதிக்குமேல் நிழல் இருக்க வேண்டும். அல்லி இலை படர்ந்தால் நல்லது. அது உரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். செடி வளரும்வரை 50 சதவீத நிழல்வலையைக் கட்டலாம். ஆகாயத்தாமரை மட்டும் வேண்டாம்.

மூன்றாம் வாரம் – கொஞ்சம் கொஞ்சமாக மாத்துங்க. வாரத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும். மேலே சொன்ன குளத்துக்கு ஏறக்குறைய 270 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 18 குடம். எடுக்கும் பச்சைத் தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள். வாழை, கறிவேப்பிலை, பூச்செடிக்கு அது நல்ல உரத்தண்ணீர்.

நான்காம் வாரம் – வடிகட்டியைக் கவனிங்க. ஸ்பாஞ்சில் வாழும் நல்ல பாக்டீரியாதான் மீன் கழிவில் உள்ள அம்மோனியாவை மாற்றி, மீனைக் காப்பாற்றுகிறது. அதைக் குழாயடியில் கழுவினால் குளோரினில் அது செத்துவிடும். குளத்திலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். புது வடிகட்டி முழுதாக வேலை செய்ய நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும், பொறுமை வேண்டும். அப்புறமும் பச்சை போகலைன்னா, புற ஊதா விளக்கு பொருத்திய வடிகட்டி மிதக்கும் பாசியை அழிக்கும். நூல் பாசிக்கு அது உதவாது. மின் இணைப்பில் ஆர்.சி.சி.பி. கட்டாயம் இருக்கட்டும். தண்ணீரில் கை வைக்கும் முன் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு வெள்ளை மூடியை நூலில் கட்டி, சின்னக் கல்லும் சேர்த்துத் தண்ணீரில் இறக்குங்கள். ஓர் அடி ஆழம் வரை தெரிந்தால் மீனுக்குப் போதுமான தெளிவு. வாரம் ஒருமுறை அதே இடத்தில், அதே நேரத்தில் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நாளுக்கு நாள் தெரியாத மாற்றம் நாலு படத்தை வரிசையாகப் பார்த்தால் தெரியும்.

பச்சைத் தண்ணீர்னா டெங்கு வருமா?

மீன் உள்ள குளத்தில் கப்பி போன்றவை கொசுப்புழுவைத் தின்றுவிடும். மீன் செத்துப்போய், தண்ணீர் மட்டும் நிற்கும் குளம்தான் ஆபத்து. நம் ஊர் வெயிலில் முட்டையிலிருந்து கொசு பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்த சுவரிலும் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். மீன் வளர்ப்பதை நிறுத்தினால் தண்ணீரை வடித்து, சுவரைத் தேய்த்துக் காயவிடுங்கள். குளத்தைச் சுற்றியுள்ள வாளி, செடித் தட்டுகளையும் கவிழ்த்து வையுங்கள். கொசு ஒழிப்புப் பணியாளர் வீட்டுக்கு வந்தால், இதில் மீன் இருக்குன்னு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஏரியில் விடாதீங்க

வளர்க்க முடியாத மீனை, பாவம்னு பக்கத்து ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடுவது உண்டு. டேங்க் கிளீனர் மீன் அங்கே பெருகி, கரையைக் குடைந்து, மீனவர் வலையைக் கிழிக்கிறது. நம் ஊர் மீனின் இரையையும் பிடுங்கிக்கொள்கிறது. ஆகாயத்தாமரையும் அப்படித்தான், ஒரு கைப்பிடி போதும், ஏரி முழுக்கப் படர்ந்துவிடும். மீனை வளர்க்கிற வேறொருவருக்குக் கொடுங்கள். வாங்கின கடையில் திரும்ப எடுப்பார்களான்னும் கேட்டுப் பாருங்கள்.

யாரைக் கேட்கலாம்?

- மீன் தொடர்ந்து செத்தால்: உங்கள் மாவட்ட மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை அலுவலகம் அல்லது அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையம். போகும்போது குளத்தின் படம், கொள்ளளவு, மீன்களின் எண்ணிக்கை, என்ன தீவனம் போடுகிறீர்கள் என்ற விவரத்தைப் போனில் குறித்து எடுத்துச் செல்லுங்கள்.
- மீன் வளர்ப்பைத் தொழிலாகச் செய்பவர்கள்: கிசான் அழைப்பு மையம் 1800-180-1551 (கட்டணம் இல்லை).
- சென்னை மாநகராட்சிப் பகுதியில் கொசுத் தொல்லைக்கு: 1913.
- காய்ச்சல் பற்றிய மருத்துவ ஆலோசனைக்கு: 104.

இந்த வாரம் ஒன்றே ஒன்று செய்யுங்கள்: தீவனத்தைப் பாதியாகக் குறையுங்கள். செலவில்லாத வேலை. மற்ற எல்லாவற்றையும்விட அதிகப் பலன் தருவதும் இதுதான்.