கரை திரும்பாத படகுகள் எவை? ஆக்சஸ் கொயரியில் கோடும் அம்பும்

டேட்டாபேஸில் தகவல்களைப் பதிந்து வைப்பது பாதி வேலைதான். கேட்ட கேள்விக்குச் சரியான பதிலை எடுப்பதுதான் மீதிப் பாதி. இப்படிக் கேட்கும் கேள்வியைத்தான் கொயரி என்கிறோம். எஸ்.க்யூ.எல். மொழி தெரியாதவர்களும் கொயரி அமைக்கலாம். டேபிள்களைப் படமாகத் திரையில் வைத்து, மவுஸால் இழுத்துக் கோடு போட்டால் போதும்.

இந்த முறை புதியதல்ல. உறவுமுறை டேட்டாபேஸ் என்ற கருத்தை எட்கர் காட் 1970ல் வெளியிட்டார். அடுத்த சில ஆண்டுகளில், ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த மோஷே ஸ்லூஃப், கட்டங்களை நிரப்பியே கேள்வி கேட்கும் முறையை உருவாக்கினார். 1992ல் வெளிவந்த மைக்ரோசாப்ட் ஆக்சஸும் இதைப் போன்ற முறையைத் தந்தது.

கோடு போடுவது எளிது. ஆனால் அந்தக் கோட்டின் வகையைக் கவனிக்காவிட்டால், நாம் தேடும் ரெக்கார்டே விடையில் வராமல் போகும். எங்கள் ராமநாதபுரம் கடற்கரையில் இருந்தே ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம்.

கேள்வி என்ன?

ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் மீன்வளத்துறையிடம் டோக்கன் பெற்றுத்தான் கடலுக்குப் போகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மற்ற மாதங்களில் டோக்கன் கொடுக்கும் நாட்களில் நூற்றுக்கணக்கான படகுகள் கிளம்பும். பெரும்பாலானவை மறுநாள்தான் கரை சேரும். திடீரென்று காற்று வீசினாலோ, இஞ்சின் பழுதானாலோ, இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்றாலோ கரையில் இருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்தப் படகு இன்னும் வரவில்லை?" என்பதுதான்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கன்னியாகுமரி மீனவர்களைத் தாக்கியபோது, காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசின் கணக்கும் மீனவர் அமைப்புகளின் கணக்கும் ஒத்துப்போகவில்லை. ஒழுங்கான பட்டியலின் அருமை அப்போதுதான் தெரியும். நாம் இங்கே அமைக்கப் போவது பயிற்சிக்கான சிறிய டேட்டாபேஸ்.

மூன்று டேபிள்கள்

1. படகுகள்: படகுஎண், உரிமையாளர், துறை.
2. டோக்கன்: டோக்கன்எண், படகுஎண், தேதி, ஆட்கள்.
3. திரும்பியவை: டோக்கன்எண், வந்ததேதி, வந்தநேரம்.

ஒவ்வொரு டேபிளிலும் முதல் பீல்டு பிரைமரி கீ ஆக இருக்கட்டும். ஆக்சஸ் யூனிகோட் எழுத்தை ஏற்பதால் பீல்டு பெயர்களைத் தமிழிலேயே கொடுக்கலாம்.

இப்போது மாதிரித் தகவல்களைப் பதியுங்கள். திங்கட்கிழமை 12, 27, 40 ஆகிய எண் படகுகளுக்கு 101, 102, 103 என்ற டோக்கன்கள். புதன்கிழமை 12, 27 ஆகிய படகுகளுக்கு 104, 105. இவற்றில் 101, 102, 103, 105 திரும்பிவிட்டன. 12ஆம் எண் படகு புதன்கிழமை பெற்ற 104 மட்டும் வரவில்லை.

கொயரி அமைக்கும் முறை

1. கிரியேட் டேபில் கொயரி டிசைன் என்பதைக் கிளிக் செய்யுங்கள்.
2. டோக்கன், திரும்பியவை ஆகிய இரண்டு டேபிள்களைச் சேருங்கள். டோக்கன்எண் பீல்டுகளுக்கு இடையே கோடு தானாகவே வரக்கூடும். வராவிட்டால் ஒன்றை இழுத்து மற்றதன் மேல் விடுங்கள்.
3. டோக்கன் டேபிளில் உள்ள டோக்கன்எண், படகுஎண், ஆட்கள் ஆகியவற்றையும், திரும்பியவை டேபிளில் உள்ள டோக்கன்எண்ணையும் கீழே உள்ள கட்டங்களுக்குக் கொண்டு வாருங்கள்.
4. சிவப்பு ஆச்சரியக்குறி போட்ட ரன் பட்டனை அழுத்துங்கள்.

நான்கு வரிகள் கிடைக்கும். 104 இருக்காது. இரண்டு டேபிளிலும் உள்ள எண்களை மட்டும் காட்டுவது இன்னர் ஜாயின். நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஆக்சஸ் இதைத்தான் எடுத்துக்கொள்ளும். திரும்பாத படகுக்குத் திரும்பியவை டேபிளில் வரியே கிடையாது. எனவே நமக்கு வேண்டிய ஒரே வரி மறைந்துவிட்டது. பிழைச் செய்தியும் வராது.

5. டிசைன் வியூவுக்குத் திரும்பி, கோட்டின் மேல் டபுள் கிளிக் செய்யுங்கள். ஜாயின் பிராப்பர்ட்டீஸ் பெட்டி வரும். டோக்கன் டேபிளின் எல்லா ரெக்கார்டுகளையும் சேர்க்கச் சொல்லும் வாய்ப்பைத் தேர்வு செய்யுங்கள். கோட்டின் திரும்பியவை முனையில் அம்புக்குறி தோன்றும். இதுதான் லெப்ட் ஜாயின். இப்போது ரன் செய்தால் ஐந்து வரிகள் வரும். 104க்கு எதிரே கட்டம் காலியாக இருக்கும்.
6. திரும்பியவை டேபிளின் டோக்கன்எண்ணுக்குக் கீழே கிரைட்டீரியா கட்டத்தில் இஸ் நல் என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். ரன் செய்தால் 104 மட்டும் நிற்கும்.

லிப்ரே ஆபீஸ் பேஸ் இலவச மென்பொருளிலும் இதே முறைதான். அங்கே இஸ் நல் என்பதற்குப் பதில் இஸ் எம்ப்டி என்று கொடுக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

எந்தப் பீல்டில் கோடு? கரையில் நோட்டில் எழுதுவது வழக்கமாகப் படகு எண்ணாகத்தான் இருக்கும். அதை வைத்து இணைத்திருந்தால் என்ன ஆகும்? 12ஆம் எண் படகு திங்கட்கிழமைப் பயணம் முடிந்து வந்த பதிவு, புதன்கிழமை டோக்கனோடும் பொருந்திவிடும். அம்பு சரியாக இருந்தும் 104 பட்டியலில் வராது. தேதியை வைத்து இணைப்பதும் பயன்படாது. படகு வருவது மறுநாள். ஒரு பயணத்துக்கு ஓர் எண் என்பதால்தான் டோக்கன் எண்ணைப் பயன்படுத்துகிறோம்.

கோடே போடாவிட்டால்? ஐந்து டோக்கன்களும் நான்கு வருகைகளும் ஒன்றோடொன்று பெருகி 20 வரிகள் வரும். விடை எதிர்பாராமல் பெரிதாக வந்தால் முதலில் கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

உரிமையாளர் பெயர் வேண்டுமா? படகுகள் டேபிளையும் சேருங்கள். அங்கும் டோக்கனில் இருந்து படகுகளை நோக்கி அம்பு இருக்கட்டும். இல்லாவிட்டால் நம் பட்டியலில் பதியாத படகு ஒன்று டோக்கன் பெற்றுப் போயிருந்தால் அது மறைந்துவிடும்.

எத்தனை பேர் கடலில்? டோட்டல்ஸ் பட்டனை அழுத்தினால் புதிய வரிசை வரும். டோக்கன்எண், படகுஎண், உரிமையாளர் கட்டங்களை நீக்கிவிடுங்கள். ஆட்கள் பீல்டுக்கு சம் என்றும், இஸ் நல் உள்ள பீல்டுக்கு வேர் என்றும் தேர்வு செய்யுங்கள். ஆட்கள் கட்டம் காலியாக இருந்தால் கூட்டலில் அது சேராது. எனவே டேபிள் டிசைனிலேயே அந்தப் பீல்டுக்கு ரெக்கொயர்டு என்பதில் யெஸ் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. இந்தக் கொயரி தருவது காணாமல் போனவர்களின் பட்டியல் அல்ல. திரும்பியதாக இன்னும் பதிவாகாதவர்களின் பட்டியல். படகு கரையில் நின்றிருக்க, பதிய மறந்திருக்கலாம். வேறு துறையில் ஒதுங்கியும் இருக்கலாம். யாரிடம் போன் செய்து விசாரிக்க வேண்டும் என்பதை இது சொல்லும். விசாரிப்பது நம் வேலை.

கட்டணம் கட்டாத மாணவர், திரும்பி வராத நூலகப் புத்தகம், சந்தா செலுத்தாத உறுப்பினர் என "இல்லாதது எது?" என்று கேட்கும் எல்லா இடத்திலும் இதே அம்புதான். உங்கள் டேபிள்களில் போட்டுப் பாருங்கள். முதலில் ஐந்தாறு வரிகளை வைத்து, விடையைக் கையால் எண்ணிச் சரிபார்த்த பிறகே முழுத் தகவலுக்குப் போங்கள்.