கம்மங்கூழ்: வண்டியில் வாங்குவதை வீட்டில் காய்ச்சுவோம்



சித்திரை வெயிலில் மதுரைக்குப் போனால் ரோட்டோரத் தள்ளுவண்டியில் காசு கொடுத்துக் கம்மங்கூழ் குடிக்கிறோம். திருமங்கலம், பேரையூர் பக்கத்து மானாவாரிக் காடுகளில் விளைகிற கம்புதான். ஆனால் நம் அடுப்பில் அது ஏறுவதில்லை. ஒரு குழுக் கூட்டத்தில் கேட்டபோது, "அதெல்லாம் எங்க அப்பத்தாவோட போச்சு. யாரு இடிக்கிறது, யாரு புடைக்கிறது?" என்றார் ஒரு உறுப்பினர். நியாயமான கேள்விதான்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள். 100 கிராம் கம்பில் இரும்புச்சத்து சுமார் 6 மில்லிகிராம். தீட்டிய சாதாரண அரிசியில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது.

நாலு பேருக்கு ஒரு டம்ளர் கம்பு போதும். கல், மண் போகக் களைந்து வடித்து, ஈரம் காய்வதற்குள் மிக்ஸியில் விட்டு விட்டு நாலைந்து சுற்று சுற்றுங்கள். தோல் கழன்று வரும். நிழலில் கொஞ்சம் உலர்த்திப் புடைத்தால் தவிடு போய்விடும். உரல் தேவையில்லை. பிறகு ரவை மாதிரி உடைத்துச் சலித்து, மாவையும் குருணையையும் தனித்தனியே வையுங்கள். ஐந்து டம்ளர் தண்ணீர் கொதித்ததும் முதலில் குருணை. அது பாதி வெந்தபின் மாவைக் கரைத்து ஊற்றி, தீயைக் குறைத்துக் கிண்டிக்கொண்டே இருக்கவேண்டும். இங்கே அவசரப்பட்டால் அடிப்பிடிக்கும், வேகாத கூழ் வயிற்றைப் படுத்தும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம்.

ஆறியதும் உருண்டை பிடித்து, கொதித்து ஆறிய தண்ணீரில் மண்சட்டியில் ராத்திரி போட்டு வையுங்கள். காலையில் லேசாகப் புளித்திருக்கும். அந்தப் புளிப்பு நல்லதுதான். இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும் பொருள் புளிக்கும்போது குறைகிறது. மோர், உப்பு, சின்ன வெங்காயம் சேர்த்துக் கரைத்துக் குடிக்கலாம். தொட்டுக்க மோர் மிளகாய், சீனி அவரைக்காய் வத்தல் எல்லாம் சரி, ஆனால் மாங்காய்க் கீற்றோ நெல்லிக்காயோ வைத்தால் சத்து கூடுதலாக ஒட்டும். கூழ் குடித்த கையோடு டீ குடிக்காதீர்கள், ஒரு மணி நேரமாவது போகட்டும். (நம்மால் இதுதான் முடியாது!)

நர்ஸம்மா கொடுத்த சத்து மாத்திரையைக் கூழ் குடிக்கிறோம் என்று நிறுத்திவிடக் கூடாது. கம்பு மாவு சீக்கிரம் கசந்துவிடும், அதனால் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் உடையுங்கள். புடைக்கத் தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவர்களில் ஒருவரை அழைத்து, சுளகோடு வரச் சொல்லுங்கள்.