கிள்ளைப் பக்கம் கம்பி இழுக்கப் போகிறவர்களுக்கு

சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளை, பரங்கிப்பேட்டை பக்கம் நீரோட்டம் பார்க்கக் கூப்பிடுகிறவர்கள், "தண்ணி இருக்கா சார்?" என்று கேட்பதில்லை. கொஞ்சம் தோண்டினாலே அங்கே தண்ணீர்தான். "நல்ல தண்ணியா, உப்பா? எத்தனை அடியோட நிறுத்தணும்?" என்பார்கள். பண்ருட்டி முந்திரிக்காட்டுக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். அங்கே மேலே கிடக்கும் காய்ந்த செம்மண் நூற்றுக்கணக்கில் ஓம் மீட்டர் காட்டும். கீழே கடலூர் மணற்பாறையில் ஈரம் தட்டியதும் எண் இறங்கும், நமக்கும் நிம்மதி. கடற்கரையில் எண் இறங்கினால் வயிற்றைக் கலக்கும்.

நாம் கொண்டுபோகும் மின்தடை மெஷின் தண்ணீரைக் காட்டுவதில்லை. வெளிக்கம்பி இரண்டில் மின்சாரம் விட்டு, உள்கம்பி இரண்டில் மின்னழுத்தம் பார்த்து, மண்ணின் மின்தடையைச் சொல்கிறது. 1912-ல் பிரான்சில் கான்ராட் ஸ்லம்பர்ஜர் தொடங்கிவைத்த வழி. கடல்நீர் 0.2 ஓம் மீட்டர். உப்பு ஊறிய மணல் பெரும்பாலும் 5-க்குள் நிற்கும். ஆனால் வெள்ளாறும் கொள்ளிடமும் கொண்டுவந்து கொட்டிய களியும் 5, 10 என்றுதான் காட்டும். 8 வந்தால் அது களியா, சப்புத் தண்ணீர் ஊறிய மணலா? மெஷினுக்குத் தெரியாது.

அதனால் கம்பியைப் பிரிக்குமுன் பக்கத்துக் கைபம்பில் தண்ணீர் பிடித்து இ.சி. மீட்டரில் (மின்கடத்துதிறன், மைக்ரோசீமன்ஸ்/செ.மீ.) பார்த்துவிடுவேன். 10,000-ஐ அந்த இ.சி.யால் வகுத்தால் தண்ணீரின் மின்தடை. அதை 4-ஆல் பெருக்கினால், அதே தண்ணீர் நிறைந்த மணல் ஏறக்குறைய என்ன காட்டும் என்று பிடிபடும். இ.சி. 1,000 என்றால் 40. 5,000 என்றால் அந்தப் பாழாய்ப்போன 8. பிறகு ஊரில் போர் போட்டவரைத் தேடிப்பிடித்து, எத்தனை அடியில் மணல், எங்கே களி, பில்டர் பைப்பு எங்கே இறக்கினார் என்று விசாரிப்பேன். அவர் நினைவில் இருப்பது பல ரிப்போர்ட்டுகளைவிட மேல்.

மணல்மேட்டில் கம்பியை அதன் நீளவாக்கில், கடற்கரைக்கு இணையாக இழுங்கள். குறுக்கே இழுத்தால் ஒரு முனை மணலில், மறுமுனை உவர்ச் சேற்றில். வளைகோடு அழகாகத்தான் வரும்; அத்தனையும் பொய். 100 மீட்டர் ஆழத்தை நம்பிச் சொல்ல, முனைக்கு முனை 400 முதல் 600 மீட்டர் வேண்டும். சம்பா அறுத்த பிறகு போனால்தான் அவ்வளவு தூரம் வயலில் நடக்க விடுவார்கள். முள்வேலி, டிரான்ஸ்பார்மர் பக்கம் வேண்டாம்; அளவைக் குழப்பிவிடும். வடக்குத்துப் பக்கம் வேலையென்றால், சென்னைக்குப் போகும் வீராணம் இரும்புக்குழாய் எங்கே புதைந்திருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

மேட்டு மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால் கீழே 40 மீட்டர்வரை நல்லது என்பது ஏட்டுக்கணக்கு. மோட்டார் ஓட ஓட அந்த நல்ல தண்ணீர் சுருங்கும். சின்ன மோட்டார் போதும் என்றால் வீட்டுக்காரருக்குப் பிடிக்காது. நான் கொடுக்கும் தாளில் 'இத்தனை அடிக்குக் கீழே இறக்காதே' என்று சிவப்பு மையில் எழுதி, ரிக்காரர் கையிலும் ஒரு நகல் கொடுத்துவிடுகிறேன். அவருக்குக் கூலி அடிக்கணக்கில்.