ஆளுமை வகையை வகுப்பில் சோதித்துப் பார்ப்பது எப்படி?

அம்பாசமுத்திரம் வட்டாரக் கல்லூரி மாணவர்களுக்கு மனிதரை வகை பிரிப்பது புதிதல்ல. பாபநாசத்தில் அகத்தியர் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் சித்த மருத்துவம், வாதம், பித்தம், ஐயம் என்று உடலைப் பகுத்து அதற்கேற்ற குணத்தையும் சொல்கிறது. பாளையங்கோட்டையில் 1964 முதல் அதற்கென்றே அரசுக் கல்லூரி நடக்கிறது. நாளிதழ் ராசிபலன் எல்லாரையும் பன்னிரண்டாகப் பிரிக்கிறது. இப்போது மயர்ஸ்–பிரிக்ஸ் சோதனை கைப்பேசி வழியே வந்து, நான்கு ஆங்கில எழுத்துகளில் ஆளைச் சொல்லிவிடுகிறது. கார்ல் யூங் 1921இல் வெளியிட்ட நூலின் கருத்தை எடுத்து, அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மயர்ஸும் உருவாக்கிய பதினாறு வகைப் பகுப்பு அது. இதில் மாணவர்களுக்கு இருக்கும் ஆர்வத்தை ஆசிரியர் தட்டிக்கழிக்க வேண்டாம். ஆனால் ஆளுக்கொரு வகைப் பெயரைக் கொடுத்து வகுப்பை முடித்துவிடவும் கூடாது. ஆளுமையில் உண்மையிலேயே வகைகள் உண்டா என்ற கேள்வியை மாணவர்கள் தங்கள் விடைகளைக் கொண்டே சோதிக்கட்டும். ஒரு பருவத்துக்குள் ஐந்தாறு வகுப்பு நேரம் இதற்குப் போதும்.

முதல் படி: பெயரை விலக்குங்கள்

ஒவ்வொருவரும் ஒரு ரகசிய எண்ணைத் தேர்ந்து நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். எல்லாத் தாள்களிலும் அந்த எண் மட்டுமே இருக்க வேண்டும். விருப்பமில்லாதவர் எழுத வேண்டியதில்லை. இதற்கு மதிப்பெண் கிடையாது என்பதையும், கடைசி வகுப்போடு தாள்கள் கிழிக்கப்படும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இடையில் ஒரு சோதனையின் நோக்கத்தை முடிந்த பிறகுதான் சொல்வேன் என்றும் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். ஒரு விளையாட்டுச் சோதனைக்கு இவ்வளவு கட்டுப்பாடு ஏன் என்று கேட்கலாம். 2023 ஆகஸ்டில் இதே மாவட்டத்து நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சாதி வெறியால் வீடு புகுந்து வெட்டப்பட்டார். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. ஆளைப் பார்த்ததும் அடையாளத்தைத் தேடும் பழக்கம் இவ்வளவு தூரம் போயிருக்கும் இடத்தில், வகுப்பறை தன் பங்குக்கு இன்னொரு அடையாளத்தைக் கட்டிவிடக் கூடாது.

இரண்டாம் படி: ஒரே பலனை எல்லாருக்கும் கொடுங்கள்

பத்துப் பன்னிரண்டு கேள்விகள் கொடுத்து விடை வாங்குங்கள். அடுத்த வகுப்பில் அவரவர் எண்ணிட்ட தாளில் ஆளுமைக் குறிப்பு ஒன்றைத் திருப்பிக் கொடுங்கள். “நெருங்கியவர்களிடம் மட்டுமே மனம் திறப்பீர்கள். பிறர் நினைப்பதைவிட அதிகம் யோசிப்பவர் நீங்கள். நன்றாகப் படிக்கக் கூடியவர், ஆனால் முழு முயற்சியை இன்னும் காட்டவில்லை” என்ற பாணியில் எல்லாத் தாளிலும் ஒரே வாசகம் இருக்கட்டும். எவ்வளவு பொருந்துகிறது என்று பூஜ்யம் முதல் ஐந்து வரை மதிப்பிடச் சொல்லுங்கள். பிறகு ஒருவரை எழுப்பி வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் போதும், விஷயம் விளங்கிவிடும். அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேரிடம் இதைச் செய்து 1949இல் வெளியிட்டார். ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த அந்தக் குறிப்புக்கு அவர்கள் கொடுத்த சராசரி ஐந்துக்கு நான்குக்கும் மேல். இது மாணவர்களை ஏமாற்றுவது ஆகாதா என்றால், ஒப்புதலை முன்பே வாங்கி, உண்மையை அதே மணி நேரத்தில் சொல்லிவிடுவதால் ஆகாது. ‘எனக்கு அப்படியே பொருந்துகிறது’ என்ற உணர்வு சான்றாகாது என்பதை எந்த விரிவுரையும் இவ்வளவு அழுத்தமாகப் பதிய வைக்காது.

மூன்றாம் படி: அளந்து, கரும்பலகையில் வரையுங்கள்

இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் வகைகளை விட்டு ஐந்து பண்புகளை அளக்கிறார்கள்: புதியன நாடல், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், மனக்கலக்கம். இதற்கு 2006இல் வெளியான இருபது வாக்கியக் கேள்வித்தாள் ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. பண்புக்கு நான்கு வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி. ‘நான் அதிகம் பேசமாட்டேன்’ போன்ற எதிர்மறை வாக்கியங்களுக்கு மட்டும் வந்த புள்ளியை ஆறிலிருந்து கழிக்க வேண்டும். ஆக, ஒரு பண்புக்கு நான்கு முதல் இருபது வரை கிடைக்கும். கரும்பலகையில் 4 முதல் 20 வரை எழுதி, கலகலப்புக்கான புள்ளிகளை மட்டும் சீட்டில் வாங்கி, அந்தந்த எண்ணுக்கு மேல் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். உள்முகம், வெளிமுகம் என்று இரண்டு வகை மனிதர்கள் இருப்பது உண்மையானால், இரு பக்கமும் குவிந்து நடுவில் பள்ளம் விழ வேண்டும். பெரிய ஆய்வுகளில் அப்படி வருவதில்லை. கூட்டம் நடுவில்தான் நிற்கிறது. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த அம்பை 16 ஒரு ரகம். எந்த வயலில் விதைத்தாலும் குண்டு நெல்லாகவே விளையும், சன்ன ரகத்தோடு கலந்தாலும் கண்ணுக்குத் தெரியும். மனிதக் குணத்தில் அப்படிப்பட்ட இடைவெளி இல்லை. இப்போது 12க்கும் 13க்கும் நடுவே ஒரு கோடு இழுத்துக் காட்டுங்கள். 13 வாங்கியவருக்கு 12 வாங்கியவர்தான் பக்கத்தில் இருக்கிறார். வகைப் பெயரோ அவரை 20 வாங்கியவரோடு சேர்க்கிறது. உங்கள் வகுப்பின் படம் வேறு மாதிரி வந்தால் அதை மறைக்க வேண்டாம். ஏன் வந்தது என்பதே அன்றைய பாடமாகட்டும்.

நான்காம் படி: ஐந்து வாரம் கழித்து மறுபடி எழுதச் சொல்லுங்கள்

அதே தாள், அதே ரகசிய எண். பலருக்குப் புள்ளி ஒன்றிரண்டு கூடும், குறையும். ஆனால் கோட்டின் அருகில் இருப்பவருக்கு அந்த ஒரு புள்ளியே வகையை மாற்றிவிடும். மயர்ஸ்–பிரிக்ஸ் சோதனையை ஐந்து வாரத்தில் மறுபடி எழுதியவர்களில் பாதிப்பேர் வரை வேறு வகைக்குப் போகிறார்கள் என்று உளவியலாளர் டேவிட் பிட்டெங்கர் 1993இல் எழுதினார். அப்படியானால் ஆளுமை என்பதே பொய்யா என்று ஒரு மாணவர் கேட்பார், கேட்க வேண்டும். பொய்யல்ல. முதல் முறை 18 வாங்கியவர் மறுமுறை 6 வாங்குவது அரிது. புள்ளிகள் ஓரளவு நிலைத்து நிற்கின்றன, கோடுதான் செயற்கையானது. பொறுப்புணர்வுப் புள்ளிக்கும் படிப்பில் தேர்ச்சிக்கும் தொடர்பு இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஐந்தாம் படி: இடத்தையும் செயலையும் சேருங்கள்

வீட்டில், வகுப்பில், காலைப் பேருந்தில், ஊர்க் கோயில் கொடை விழாவில் தான் எவ்வளவு பேசுகிறேன் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரு வாரம் குறித்து வரட்டும். வகுப்பில் வாய் திறக்காத பெண் கொடையில் நாலு பேரை வேலை ஏவுகிறவளாக இருக்கலாம். இடம் மாறும்போது நடத்தை எவ்வளவு மாறுகிறது என்பதை உளவியலாளர் வால்டர் மிஷெல் 1968இல் எடுத்துக்காட்டியபோது ஆளுமை ஆய்வே ஆட்டம் கண்டது. பல இடங்களின் சராசரியை எடுத்தால் ஒரு நிலைத்த போக்கு தெரிகிறது என்பது பின்னர் அதற்குக் கிடைத்த பதில். இந்த ஐந்து பண்புகளும் மேல்நாட்டு அளவுகோல்தானே என்ற ஆட்சேபமும் எழும். அது நியாயமானது. பொலிவியாவின் சிமானே மக்களிடம் இந்த ஐந்தும் சரியாகத் தேறவில்லை என்று 2013இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதனால்தான் இதையும் ஒரு கருவியாக மட்டும் பிடிக்க வேண்டும். திருக்குறளின் தெரிந்துதெளிதல் அதிகாரம் இதற்கு நல்ல துணை. குணம், குற்றம் இரண்டையும் ஆராய்ந்து எது மிகுதி என்று பார்க்கச் சொல்லும் அந்த அதிகாரம், ஒருவரின் உயர்வுக்கும் தாழ்வுக்கும் அவர் செயலையே உரைகல்லாக வைக்கிறது. எது எவ்வளவு மிகுதி என்று கேட்பது அளவைக் கேட்பதுதான்.

முடிவில் ஒரு பக்கக் கட்டுரை எழுதச் சொல்லுங்கள்: எந்த வகைப் பெயரும் இல்லாமல், எந்த இடத்தில் என்ன செய்கிறேன், எதில் மாற விரும்புகிறேன் என்று. அதைத் தருவதும் தராததும் அவரவர் விருப்பம். வகைப் பெயர் பேச்சைத் தொடங்க உதவுகிறது, அதைப் போய் ஏன் கெடுக்க வேண்டும் என்பவர்கள் உண்டு. பேச்சு தொடங்கட்டும், அங்கேயே நின்றுவிடக் கூடாது என்பதுதான் கவலை. ‘நான் உள்முகம், எனக்கு மேடைப் பேச்சு வராது’ என்று இருபது வயதில் தீர்மானிப்பவர் முயற்சி செய்யாமலே ஒரு கதவை மூடிக்கொள்கிறார். தன் புள்ளி 9 என்றும், கொடையில் தன் குரல் உயர்கிறது என்றும் தெரிந்தவருக்கு அடுத்து எங்கே பழக வேண்டும் என்பது தெரியும். வேலைக்கான நேர்காணலில் தன்னைப் பற்றிக் கேட்டால் நான்கு எழுத்துகளைச் சொல்லாமல், செய்த காரியத்தைச் சொல்லவும் அவருக்கு வரும்.